டொக்யார்ட் வாசலில் ஒரு மே மாதம்



2022ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி திருகோணமலை டொக்யார்ட் வீதிப் பக்கம் வந்தவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. நாடு முழுக்க ஊரடங்கு. கடைகள் எல்லாம் பூட்டு. கடற்படைத் தள வாசலில் மட்டும் சனம். முதல் நாள் காலிமுகத்திடலில் போராடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அன்றே மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு விலகினார். இரவிரவாகத் தெற்கில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. விடியும் நேரத்தில் இராணுவம் அவரை அலரி மாளிகையிலிருந்து வெளியே எடுத்தது. "குடும்பத்தோட ஹெலியில ஏத்தித் திருகோணமலைக்குக் கொண்டுவந்திட்டாங்களாம்" என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி பாய்ந்தது. அவர் இங்கேதான் இருக்கிறார் என்று அடுத்த நாள் பாதுகாப்புச் செயலாளரும் சொன்னார்.

நானும் போய் ஓரமாக நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், சைக்கிளைப் பிடித்தபடி. பின் கரியரில் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டிய மஞ்சள் மண்ணெண்ணெய்க் கான். மூடி தொலைந்துபோய்விட்டது போலும். வாயைப் பொலித்தீனால் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார். கான் வெறுமை. கைகளைப் பார்த்தாலே கடல்தொழில்காரர் என்று தெரியும்; தூண்டில் நரம்பு அறுத்த கோடுகள் விரல் இடுக்குகளில் வெளுத்துக் கிடந்தன. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, மகாராசா உள்ளுக்குத்தானோ இருக்கிறார்?"

கேலியாகக் கேட்கவில்லை. அந்தச் சொல் அவர் வாயில் தானாகவே வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு மகிந்தவை மகாராஜா என்று வாழ்த்தும் பாட்டுகளை வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் போட்டன அல்லவா? பேருந்தில் போனாலும் கேட்டது, தேநீர்க் கடையில் இருந்தாலும் கேட்டது. வாக்குச் சீட்டால் வந்தவர்களுக்கு முடி சூட்டிப் பார்த்த காலம் அது. அண்ணன் ஜனாதிபதி, தம்பிமார் அமைச்சிலும் அதிகாரத்திலும், மகன் நாடாளுமன்றத்தில். அரச குடும்பம் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மக்கள் கசந்துபோன ஒரு குடும்பம் எங்கள் துறைமுகத்தில் வந்து ஒதுங்குகிறது. ஒரு ராஜாவின் மேல் ஊர் வெறுப்புக் கொள்வதற்கும் ஒரு புரட்சி வெடிப்பதற்கும் நடுவே என்ன நடக்கிறது? வெடித்த பிறகு, வாசலுக்கு வெளியே வெறுங்கானோடு நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது? இந்த இதழின் நடுப்பக்கங்களில் துறைமுக வரலாறு வருகிறது. அதைத் திருத்திக்கொண்டிருந்த இரவுகளில் இந்தக் கேள்விதான் மனதில் கிடந்தது. நான் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அரச குடும்பம் ஒன்றின் வீழ்ச்சி எங்கள் துறையில் வந்து கரை தட்டியது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கவேண்டாம். அதற்கு 227 ஆண்டுகளுக்கு முன், 1795இல், ஒல்லாந்து தேசத்து மக்கள் விரட்டிய ஒருவரின் கதை நேரே இங்கே வந்து இறங்கியது. ஆள் வரவில்லை. கடிதம் வந்தது.

அவர் பெயர் ஐந்தாம் வில்லியம். ஏட்டளவில் மன்னர் இல்லை. ஒரு குடியரசின் காவலர் என்று பதவிப் பெயர். ஆனால் பதவி தகப்பன் வழி வந்தது, வாழ்ந்தது அரண்மனையில், படைக்கும் கடற்படைக்கும் அவரே தலைவர். 1780 முடிவில் இங்கிலாந்து ஒல்லாந்தின் மேல் போர் தொடுத்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த ஒல்லாந்துக் கடற்படையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்தப் போரில் கைமாறிய இடங்களுள் எங்கள் ஊரும் ஒன்று. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். சமாதானத்துக்குப் பிறகு அது ஒல்லாந்தரிடம் திரும்பியது. இங்கே கோட்டைக் கொடி மாறி மாறி ஏறிய அந்த நாட்களில்தான் அங்கே வில்லியத்தின் மேல் வெறுப்பு முற்றியது. கடற்படையைப் பாழாக்கியவர், எதிரியான இங்கிலாந்துக்கு உள்ளூர நண்பர் என்று பேசிக்கொண்டார்கள். 1781 செப்டெம்பரில் ஓர் இரவில் ஒல்லாந்து நகரத் தெருக்களில் ஒரு துண்டுப்பிரசுரம் பரவிக் கிடந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. யோன் டெர்க் வான் டெர் கபெலன் என்ற பிரபு எழுதியது என்று பின்னாளில் தெரிந்தது. நாட்டின் கேட்டுக்கெல்லாம் அந்தக் குடும்பமே காரணம், மக்கள் தாமே எழுந்து தம் காரியத்தைப் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம்.

வில்லியத்தின் மனைவி வில்ஹெல்மினா பிரஷ்ய மன்னரின் தங்கை. 1787இல் ஹேக் நகரத்துக்குப் போகும் வழியில் கிளர்ச்சிக்காரர் அவரை மறித்தார்கள். அண்ணன் படை அனுப்பினார். கிளர்ச்சி நசுங்கியது, கசப்பு போகவில்லை. முன்பு கையாலாகாத குடும்பம் என்று வெறுத்தவர்கள், இப்போது அந்நியத் துப்பாக்கியின் நிழலில் இருக்கும் குடும்பம் என்று வெறுத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, உறைந்துபோன ஆறுகளின் மேல் நடந்து பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது அந்தக் குடும்பத்துக்காக மறித்து நிற்க ஊரில் ஆளில்லை. 1795 ஜனவரி 18ஆம் திகதி வில்லியம் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறி இங்கிலாந்துக்கு ஓடினார். அடுத்த நாள் புதுக் குடியரசு பிறந்தது. இதை வாசிக்கும்போதெல்லாம் அந்த வள்ளக்காரரை நினைத்துக்கொள்வேன். வலையை ஒதுக்கி வைத்து, குளிர்காலக் கடலில் ஓர் அரச வம்சத்தைக் கரை சேர்த்த அந்த மனிதரின் பெயரைத் தேடிப் பார்த்தேன். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

இங்கிலாந்து மன்னர் வில்லியத்தைக் கியூ என்ற இடத்திலே தங்கவைத்தார். அங்கிருந்து பெப்ரவரி 7ஆம் திகதி ஒல்லாந்துக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்கு அவர் கடிதம் எழுதினார்: ஆங்கிலப் படை வந்தால் நண்பர்களாக உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் இடம் போகக்கூடாது. நாட்டை இழந்தவர், தன் கையில் இல்லாத கோட்டைகளைக் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் பலத்தில் 1795 ஓகஸ்டில் ஆங்கிலக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. டயோமீட் என்ற போர்க்கப்பல் கண்ணுக்குத் தெரியாத பாறையில் மோதி இங்கேயே மூழ்கியது. கொழும்பில் இருந்த ஆளுநர் வான் அங்கல்பேக் முதலில் கொஞ்சம் துருப்பை உள்ளே விடச் சம்மதித்தார். கட்டளை முறைப்படி வரவில்லை என்று இங்கிருந்த தளபதி மறுத்தார். பிறகு பீரங்கிகள் பேசின. ஓகஸ்ட் 26இல் திருகோணமலைக் கோட்டை விழுந்தது, 31இல் ஒஸ்டன்பேர்க் கோட்டையும். அடுத்த பெப்ரவரியில் கொழும்பும் போயிற்று.

தம்பலகாமத்து உழவரும் மூதூர் வணிகரும் ஐந்தாம் வில்லியத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அவர்கள் அவரை வெறுக்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. ஆனால் அவர்மீது வேறு யாரோ கொண்ட வெறுப்பின் விளைவை இந்தத் துறைமுகம் 1957 வரை சுமந்தது. அந்த ஆண்டுதான் ஆங்கிலேயர் இந்தக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தார்கள். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் மான்கள் மேயும் அந்தக் கோட்டைக்கு 1803இல் ஆங்கில மன்னர் மகன் பிரெடெரிக்கின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் அதே பெயர்தான்.

இன்னும் பின்னால் போனால் மூதூரில் ஒரு புளியமரம் நிற்கிறது, கதையிலாவது. 1660 ஏப்ரலில், பாய்மரம் முறிந்த தன் கப்பலைச் செப்பனிட வந்து அந்த நிழலில் உட்கார்ந்திருந்த ஆங்கிலக் கப்பல் தலைவனைக் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். கூடவே பிடிபட்ட மகன்தான் ரொபேர்ட் நொக்ஸ். 19 ஆண்டு கண்டி நாட்டில் சிறையிருந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பி ஓடி, 1681இல் புத்தகம் வெளியிட்டார். பிடிபட்ட இடத்தைக் காட்ட 1893இல் ஒரு கல் நட்டிருந்தார்கள். நொக்ஸ் தான் சிறையிருந்த காலத்தில் நடந்த ஒரு கலகத்தைச் சொல்கிறார். 1664 டிசம்பர். ராஜசிங்கன் நிலம்பை என்ற மலைக்கிராமத்தில் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தான். மலையை வெட்டும் வேலைக்கும் அரச வாசலில் காவல் நிற்கும் வேலைக்கும் ஊர் ஊராகச் சனத்தை இழுத்தார்கள். பொறுக்க மாட்டாமல் அம்பன்வெல ராலவின் தலைமையில் ஓர் இரவு அரண்மனையைச் சூழ்ந்தார்கள். அரசன் காட்டுக்குத் தப்பினான். கலகக்காரர் கண்டிக்குப் போய்ச் சிறுவனான இளவரசனை அரசனாக்கினார்கள். பையனின் அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு அரசனிடமே ஓடிவிட்டாள். அவ்வளவுதான். அரசனை விரட்டிய கூட்டம், உட்காரவைக்க ஆளில்லாமல் சில நாட்களிலே தானாகக் கலைந்தது. வெறுக்கப்பட்ட அந்த அரசன் அதற்குப் பிறகும் 23 ஆண்டுகள் ஆட்சி செய்து, 1687இல்தான் கண் மூடினான்.

ஒரு ராஜாவை விரட்டினால் இன்னொரு ராஜாவைத் தேடவேண்டும் என்பதுதான் அந்த நாளின் வழக்கம். அந்த வழக்கத்தின் ஓட்டை வழியாகத்தான் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கண்டியின் கடைசி ராஜா நம் மொழி பேசிய நாயக்கர் குடும்பத்தவர் என்பதால் நம்மவர் சிலர் அவரை வெறும் துரோகத்துக்குப் பலியானவராகவே பார்க்கிறார்கள். சிங்கள நண்பர்கள் சிலருக்கோ அவர் வெறும் கொடுங்கோலர். இரண்டுக்கும் நடுவில்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, முதன்மை அமைச்சரான பிலிமத்தலாவை 18 வயதுக் கண்ணுசாமியை அரியணையில் ஏற்றினார். பையன் நாம் சொல்வதைக் கேட்பான் என்ற கணக்கு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பெயர் மாறிய பையன் கேட்கவில்லை. 1803இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு படை போனது, திருகோணமலையிலிருந்து பார்பட் என்ற தளபதியின் கீழ் இன்னொன்று. வெறிச்சோடிய கண்டியில் முத்துசாமி என்ற இன்னொரு நாயக்கருக்கு முடி சூட்டினார்கள். மக்கள் ஒருவரும் வரவில்லை. காய்ச்சலும் பட்டினியும் படையைத் தின்றன. ஜூனில் கண்டியில் எஞ்சிய ஆங்கிலப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக விடுவதாகப் பேச்சு. வழியில் வெள்ளம் பாய்ந்த மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டப்புளுவையில் நின்ற இடத்திலே அவருடைய ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டில் ராஜா வெறுக்கப்பட்டவர் இல்லை. நாட்டைக் காத்தவர்.

பிறகு என்ன நடந்தது? 1807இல் கண்டி வாவியை வெட்டத் தொடங்கினார்கள். இந்த இடத்தில் நம் கந்தளாய்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளக்கோட்டன் கட்டியது என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் குளக்கட்டிலும் ஆயிரக்கணக்கான முதுகுகள் வளைந்துதான் மண் சுமந்திருக்கும். கூலி யார் கொடுத்தார்? ஆனாலும் குளக்கோட்டன் பெயரைச் சொன்னால் தம்பலகாமத்தில் இன்றும் கை கூப்புகிறார்கள். கோவில் தொழும்புக்கு அவர் குடிகளை வகுத்து வைத்ததாகக் கோணேசர் கல்வெட்டு சொல்லும் மரபைப் பெருமையோடு காக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களிலேயே இருக்கின்றன. ஏன்? கந்தளாய்த் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. மண் சுமந்தவனின் பேரன் அந்தத் தண்ணீரில் விதைத்தான். கண்டி வாவி வெட்டிய இடம் என்ன இடம்? திகொல் வெல. வெல என்றால் வயல். விளைகிற வயலை மூழ்கடித்து, பாற்கடல் என்று பெயர் சூட்டி, அரண்மனைக்கு அழகு பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் எந்தப் பயிருக்கும் போகவில்லை. அதற்கும் ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாத உழைப்பு. ஊழியத்தைச் சனம் எப்போதும் வெறுத்ததில்லை. தங்களுக்குத் திரும்பி வராத ஊழியத்தைத்தான் வெறுத்தது.

பிரதானிகளின் கோபம் வேறு. அவர்களுடைய அதிகாரத்தை ராஜா நறுக்கினார். பிலிமத்தலாவை சதி செய்து தலை இழந்தார். அவர் இடத்துக்கு வந்த எகலப்பொலை 1814இல் சப்பிரகமுவையில் கலகம் செய்து தோற்று ஆங்கிலேயரிடம் ஓடினார். அந்த மே மாதத்தில் கண்டியில் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார்கள். அந்தக் கொடுமையை யாரும் மூடி மறைக்கத் தேவையில்லை, ராஜாவே செய்வித்தது. ஆனால் அந்தக் கதையைக் கேட்கக் கொழும்பில் ஒரு காது ஏற்கெனவே காத்திருந்தது. சிங்களம் நன்றாகப் படித்த ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி பல ஆண்டுகளாகக் கண்டியிலிருந்து வந்த ஒவ்வொரு முணுமுணுப்பையும் குறித்து வைத்துக்கொண்டிருந்தார். எல்லாப் பக்கமும் கசந்துபோன அரசனைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிரான்சில் மேரி அந்துவானெத், ரொட்டியில்லாத ஏழைகளை வேறு பலகாரம் தின்னச் சொன்னதாக உலகமே சொல்கிறது. அந்த அம்மையார் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. சொல்லியிருப்பார் என்று நம்ப ஊர் தயாராக இருந்தது. அதுதான் அங்கே பெரிய விஷயம்.

1815 ஜனவரியில் போர் அறிவித்தார்கள். நாலா பக்கமிருந்தும் படை போனது, திருகோணமலையிலிருந்தும் போனது. சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெப்ரவரி 18இல் ராஜா பிடிபட்டார். மார்ச் 2இல் ஒப்பந்தம். ராஜாவின் கொடுமைகளைச் சொல்லித்தான் அந்தப் பத்திரமே தொடங்குகிறது. அவருடைய உறவுமுறை ஆண்கள் யாரும் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அடுத்தது. பிறகு கண்டி நாடு இங்கிலாந்து மன்னருக்கு. பிரதானிகள் இட்ட கையெழுத்துகளுள் சில தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அந்தப் புது மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அப்போது மனநோயால் ஆட்சியிலிருந்தே ஒதுங்கியிருந்தார். அவருக்குப் பதிலாக ஆண்ட மகனை இங்கிலாந்து மக்கள் கொஞ்சமும் விரும்பவில்லை. கண்டியார் ஒரு வெறுக்கப்பட்ட ராஜாவைக் கொடுத்துவிட்டு, கடலுக்கு அப்பால் வெறுக்கப்பட்ட இன்னொரு அரச குடும்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இதைப் புரட்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேலே இருந்தவர்கள் கைமாற்றினார்கள். மக்கள் எழுந்தது அதற்குப் பிறகு. 1817இல் ஊவாவிலும் வெல்லசையிலும் பற்றிய நெருப்பு 1818 வரை எரிந்தது. அந்த எழுச்சியில் யாரைச் சுற்றிக் கூடினார்கள் தெரியுமா? நாயக்கர் குலத்துத் துரைசாமி நான்தான் என்று சொல்லிக்கொண்ட வில்பாவே என்பவரை. கொடுங்கோல் நாயக்கர் போகட்டும் என்று ஒப்பந்தம் எழுதி இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அடக்கச் சென்ற பிரதானி கெப்பெட்டிபொலையே சனத்தோடு சேர்ந்தார். ஆங்கிலேயர் வயலையும் வீட்டையும் எரித்து எழுச்சியை அடக்கினார்கள். கெப்பெட்டிபொலையின் தலையை 1818 நவம்பர் 26இல் கண்டியில் வெட்டினார்கள். ஆங்கிலேயரைக் கூட்டி வந்த எகலப்பொலையையும் பிடித்து மொரீசியசுக்கு நாடு கடத்தினார்கள். அவர் அங்கேயே இறந்தார்.

ஊழியம் என்ன ஆயிற்று? ராஜா வேலூர்க் கோட்டையில் சிறையிருந்தார். இங்கே ராஜகாரியம் அப்படியே நடந்தது. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு கண்டி வீதியை அந்த ஊழியத்தைக் கொண்டுதான் வெட்டினார்கள். முன்பு வாவிக்கு மண் சுமந்தவர்கள் இப்போது வீதிக்குக் கல் சுமந்தார்கள். 1832 ஜனவரி 30இல் ராஜா வேலூரில் இறந்தார். ராஜகாரியத்தை ஒழித்ததும் அதே 1832இல்தான். வெறுப்புக்குக் காரணமான சுமை, வெறுக்கப்பட்டவர் போய் 17 ஆண்டு சனத்தின் தோளிலேயே இருந்தது. அதன் பிறகும் 1848இல் வீதிச் சட்டம் கொண்டுவந்தார்கள்: வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் பணம் கட்டவேண்டும். அந்த ஆண்டு மாத்தளைப் பக்கம் மீண்டும் கலகம். மீண்டும் ஒரு ராஜாவுக்கு முடி சூட்டினார்கள், தம்புள்ளைக் கோவிலில். நாம் கண்டிக்குப் போகும்போது பேருந்து தேநீருக்கு நிற்கிறதே, அந்தத் தம்புள்ளை.

இந்த வரிசையை எழுதி முடித்துவிட்டு 2022க்குத் திரும்பினேன். அந்தக் கசப்பு எங்கே பிறந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடுத்தார்கள். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நெல் மஞ்சளாகி நின்றதைப் பார்த்தோம். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. பிறகு டொலர் இல்லை, எரிவாயு இல்லை, 13 மணி நேர மின்வெட்டு. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றின் காலடியில் வாழும் ஊர்ச்சனம் 5 லீற்றருக்காக விடியக் காலையில் கான்களை வரிசையாக வைத்துக் கல்லைப் பாரம் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தது. அந்தக் கான் வரிசையில்தான் ராஜ குடும்பத்தின் முடி கழன்றது என்று நான் நம்புகிறேன். ஏப்ரல் 12இல் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. மே 10இல் எங்கள் துறைமுகம். ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13இல் மகிந்தவின் தம்பி, ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டுப் போனார்.

தெற்கில் அது திருவிழாவாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் நானும் பங்கு கொண்டேன், மறைக்கவில்லை. ஆனால் நம் மாவட்டத்துத் தமிழர் பலர் அன்று அமைதியாக இருந்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்களைக் கொன்றார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர்தான் 2022 மேயில் டொக்யார்டுக்குள் பாதுகாப்பாக இருந்தவர். 2019இல் அந்தக் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் வீதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாரின் கேள்வி காலிமுகத்திடலின் பெரிய கோஷத்துக்குள் சின்னக் குரலாகத்தான் கேட்டது. குடும்பத்தை விரட்டுவோம் என்றால் எல்லோரும் ஒன்றாகக் கத்தலாம். யார் யார் எதைச் சுமந்தோம் என்று கேட்டால்தான் குரல் பிரிகிறது. பிரியட்டும், பரவாயில்லை. அந்தப் பிரிந்த குரல்களையும் உட்கார்ந்து கேட்கும் பொறுமை வராமல், போன ஆளின் இடத்துக்கு அடுத்த ஆளைத் தேடிக்கொண்டே இருந்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

அந்தப் பெரியவரை அன்றைக்குப் பிறகு ஒரு முறை கண்டேன். 2022 ஓகஸ்டில். ராஜாக்கள் போய் ஒரு மாதம் கழித்து மண்ணெண்ணெய் விலையை ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏற்றிய அந்தக் கிழமை. அதே சைக்கிள், அதே மஞ்சள் கான், கானுக்கு மட்டும் புது மூடி போட்டிருந்தார். "எண்ணெய் இப்ப இருக்குது தம்பி. காசுதான் இல்லை" என்றார். கடலுக்குப் போவதை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துவிட்டாராம். மகாராசாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்பு வாசகர்களே, அடுத்த இதழை ஊழியச் சிறப்பிதழாகக் கொண்டுவர ஆசைப்படுகிறோம். உங்கள் வீட்டில் பாட்டனார், பாட்டியார் காலத்திலிருந்து வரும் ஊழியக் கதை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். வீதி வேலைக்குப் போன கதை, துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த கதை, கோவில் தொழும்பு, குளக்கட்டு வேலை, வரி கட்ட மாட்டை விற்ற கதை, எதுவானாலும் சரி. மூதூர்ப் புளியமரத்தைக் கண்ட பெரியவர்கள் இருந்தால் அது நின்ற இடத்தைச் சொல்லுங்கள். சிங்கள, முஸ்லிம் வாசகர்களிடமிருந்தும் எதிர்பார்க்கிறோம். சிங்களத்தில் எழுதினால் நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்வோம். 2021இல் வயலில் என்ன நடந்தது, 2022இல் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்றவர் என்ன பேசினார் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். பத்து வருடம் போனால் விலைகள் மட்டும்தான் நினைவிருக்கும்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் போதும். எழுத முடியாத பெரியவர்கள் சனிக்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வாருங்கள். தேநீர் இருக்கும். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்